பெட்ரோல் மிகுந்தால் எண்ணெய் மெலியும்

நெய்யாற்று அணைக்கு அருகே உள்ள கள்ளிக்காட்டிலிருந்து தெற்கே வெள்ளறடை, பாறசாலை, களியக்காவிளை என்று நீளும் கேரள, தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமங்களில், ஜூன் மாதத்து மழை சற்று ஓய்ந்த மறுவாரமே ரப்பர் மரங்களின் இடையில் முழங்கால் அளவுக்குப் பொங்கி எழும் புல்லையும் செடியையும் அரிவாளும் கையுமாக நின்று வெட்டிய காலம் போய், பிரஷ் கட்டர் என்று தோளில் தொங்கும் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினே அந்த வேலையைச் செய்து முடிக்கும் காலம் வந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் விளவங்கோட்டு வயல்களுக்கு நெய்யாற்று இடது கரைக் கால்வாயின் நீர் 2004இல் நின்றுபோனபின், கிணற்றையும் ஓடையையும் நம்பிப் பயிரிடுகிறவர்களுக்குப் பம்பு செட்டு ஓர் ஆடம்பரமன்று, அத்தியாவசியம். நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றிலும் அதற்கடுத்த பொழியூரிலும் வள்ளங்களின் பின்புறத்தில் மண்ணெண்ணெய் எஞ்சின் பொருத்தாமல் கடலில் இறங்குவோர் இன்று அரியர். ஆக, மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரையில் இந்தச் சிறு நாட்டின் ஜீவனம் பெரும்பாலும் சின்னஞ்சிறு எஞ்சின்களைப் பற்றி நிற்கிறது. அந்த எஞ்சின்கள் அகாலத்தில் தேய்ந்து போவதற்குரிய காரணங்களுள், கண்ணுக்குப் புலப்படாமலும் நன்மைபோலத் தோற்றமளித்தும் தீமை செய்யும் காரணம் ஒன்று உண்டு. அதுதான் காற்றோடு கலக்கும் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போவது.

பட்டறைகளில் இதை ‘ரிச்சா ஓடுது’ என்பார்கள். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தால் ‘லீன்’ என்பார்கள். இவ்விரண்டில் எது கெடுதல் என்று கேட்டால், தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் விடை ஒன்றுதான்: “பெட்ரோல் கொஞ்சம் கூடினா ஒண்ணும் ஆவாது, மிஷின் காஞ்சு ஓடப்பிடாது.” இந்த வாக்கு பொய்யன்று. அனுபவத்தில் பிறந்தது, ஒரு காலத்து எஞ்சின்களுக்கு முற்றிலும் பொருந்தியது. ஆனால், எந்த எஞ்சினைக் கண்டு அந்த அனுபவம் பிறந்ததோ அந்த எஞ்சினின் இடத்தில் வேறொரு ஜாதி எஞ்சின் வந்து அமர்ந்த பின்னும், பழைய வாக்கு மட்டும் மாறாமல் வழங்கி வருவதால் விளையும் சேதத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலவை என்பது என்ன?

பெட்ரோல் தனியே எரியாது. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்தே எரியும். ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது ரசாயனம் வகுத்த கணக்கு. எஞ்சினிடமிருந்து முழு வலிமையைப் பெற வேண்டுமானால் அந்த அளவைக் காட்டிலும் சிறிது பெட்ரோல் கூடுதலாக, அதாவது ஒரு கிராமுக்குப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்று கிராம் காற்று என்ற விகிதத்தில், கொடுப்பது வழக்கம். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை எழுப்பும்போது, கொடுத்த பெட்ரோலில் ஒரு பகுதியே ஆவியாகிறபடியால், இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்காக ஏற்பட்டதே சோக் என்னும் மூடி. இவை யாவும் நியாயமான மிகுதிகள். எஞ்சின் சூடேறி நிதானமாக ஓடத் தொடங்கிய பின்னும் இந்த மிகுதி நீங்காமல் நிலைத்திருக்குமானால், அதுவே நோய்.

இந்த விகிதத்தை நிர்ணயித்துக் கொடுக்கும் கார்புரேட்டர், தோற்றத்தில் அற்பமாயினும் செயலில் வியக்கத்தக்கது. குறுகிய தொண்டை வழியாகப் பாயும் காற்று வேகம் பெறுகிறது. வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கி ஜெட் என்னும் நுண்துளை வழியே பெட்ரோல் பீறிட்டுத் தூளாகிறது. இவ்வகைப் பீய்ச்சுக் கார்புரேட்டரை ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் ஹங்கேரியில் டொனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்னும் இருவரும் 1893ஆம் ஆண்டையொட்டித் தனித்தனியே உருவாக்கினார்கள். இன்று பிரஷ் கட்டரில் இருப்பதும் தத்துவத்தால் அதுவே. தலைமயிரைவிடச் சில மடங்கே பருமனான அந்தத் துளையின் அளவிலே எஞ்சினின் ஆயுள் அடங்கியிருக்கிறது.

எண்ணெய் பெட்ரோலோடு வரும் எஞ்சின்

இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜோசப் டே என்பவர் 1891ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் மிகக் குறைவு. பின்னர் செய்த திருத்தங்களால் அவையும் மறைந்தன. கலவை முதலில் கிராங்க் பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்தே பிஸ்டனின் மேற்புறத்துக்கு ஏறுகிறது. வழியெல்லாம் கலவை நடமாடுவதால் அந்தப் பெட்டியில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. ஆதலின், எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து அனுப்பும் எளிய வழியைக் கண்டார்கள். பெட்ரோல் ஆவியாகிப் பிரிந்ததும் எண்ணெய் துளித்துளியாகப் பேரிங்கிலும் பிஸ்டனிலும் சிலிண்டர் சுவரிலும் படிந்து தன் கடமையைச் செய்து, முடிவில் தானும் எரிந்து புகையாகிறது.

1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட்டும், ஊர்தோறும் ஓடிய ஸ்கூட்டர்களும், பின்பக்கத்தில் எஞ்சின் வைத்த ஆட்டோ ரிக்‌ஷாக்களும் இந்த ஜாதியே. பெட்ரோல் பங்கில் அளந்து ஊற்றும் டூ-டி ஆயிலைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விவரிக்க வேண்டுவதில்லை. இன்று தோட்டங்களில் பயன்படும் இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்களில், தயாரிப்பாளர் குறித்தபடி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லியிலிருந்து 40 மில்லி வரை எண்ணெய் சேர்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட எஞ்சினில் பெட்ரோல் மிகுந்தால் என்ன ஆகும் என்பதைச் சிந்தித்தால், பழைய வாக்கின் உண்மை விளங்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கு பெட்ரோல் கூடுதலாக உள்ளே போனால், அதே பத்துப் பங்கு எண்ணெயும் கூடவே போகிறது. மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது உஷ்ணத்தை உறிஞ்சிப் பிஸ்டனின் தலையைக் குளிர்விக்கிறது. மாறாகப் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, உஷ்ணமும் ஏறுகிறது. அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நின்றுபோகும் இந்த விபத்தைத்தான் ‘பிஸ்டன் ஜாம் ஆயிட்டு’ என்று சொல்லித் தலையில் கை வைப்பார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் லீன் என்பது திடீர் மரணம். ரிச் என்பது மெதுவாகப் பீடிக்கும் வியாதி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நேர்ந்தால் வியாதியைத் தேர்ந்துகொள்வது விவேகம்தான்.

இங்கே ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சினுக்கு நன்மை செய்வதாக எண்ணி, குறித்த அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றிக் கலப்பவர்கள் பலர். ஜெட் துளை தன் வழியே செல்லும் திரவத்தின் அளவைத்தான் அறியும். அதில் எத்தனை பங்கு பெட்ரோல், எத்தனை பங்கு எண்ணெய் என்பதை அறியாது. எண்ணெய் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோலின் பங்கு குறைகிறது. எண்ணெயின் பிசுபிசுப்பினால் துளையின் வழியே பாயும் வேகமும் தணிகிறது. ஆகவே, எண்ணெய் மிகுதி பெட்ரோல் மிகுதியாகாது. பெட்ரோலைச் சிறிதளவு குறைப்பதாகவே முடியும். எண்ணெயைக் குறித்த அளவிலும், பெட்ரோலைக் கார்புரேட்டரிலும் தனித்தனியே நிறுத்துவதே முறை.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினிலும் மிகுதிக்கு ஓர் எல்லை உண்டு. எரியாத பெட்ரோலும் அரைகுறையாக எரிந்த எண்ணெயும் கரியாகிப் பிளக்கின் முனையை மூடுகின்றன. பிஸ்டன் வளையம் அமர்ந்திருக்கும் காடியில் அரக்குப்போல் இறுகி, விரிந்து சுருங்க வேண்டிய வளையத்தை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்கின்றன. புகை வெளியேறும் வாயிலையும் சைலன்சரையும் அடைக்கின்றன. ஒட்டிக்கொண்ட வளையம் உஷ்ணத்தைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்த முடியாமல், தன் ஓரமாகத் தீயைக் கீழே விடுகிறது. அங்கே எண்ணெய்ப் படலம் கருகிச் சுவரில் கீறல் விழுகிறது. பல பிரஷ் கட்டர்களின் அலுமினியச் சிலிண்டரில் உட்பூச்சு ஒன்றே தேய்மானத்தைத் தாங்குகிறது. அது உரிந்தால் மோட்டார் சைக்கிளைப்போல் ரீபோர் செய்து மீட்க வழியில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

எண்ணெய் தனியே வாழும் எஞ்சின்

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது, சாதாரண ஜனங்கள் வாங்கும் வண்டியில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் செல்வாக்குப் பெறத் தொடங்கியது. காற்று மாசு குறித்த விதிகள் படிப்படியாக இறுகின. 1998இல் உச்ச நீதிமன்றம் டில்லியில் டூ-டி எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதையே நிறுத்தும்படி செய்தது. 2015இல் மொபெட்டும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 என்ற பெயரில் நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. புகை குறைவு, பெட்ரோல் மிச்சம், சத்தம் தணிவு என்ற அனுகூலங்களால் பிரஷ் கட்டரிலும் பம்பு செட்டிலும் அதே மாறுதல் நிகழ்ந்தது. இப்போது ஒரே வீட்டுச் சாய்ப்பில் இருவகை எஞ்சினும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. அவற்றை இயக்கும் கையும் ஒன்று, அந்தக் கையை நடத்தும் பழக்கமும் ஒன்று.

ஆனால், தைலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஸ்வபாவம் நேர்மாறானது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணெய் பெட்ரோலோடு வருவதில்லை. கிராங்க் பெட்டியில் தனியே குடியிருந்து, சுற்றிச்சுற்றி அதே எண்ணெய் மணிக்கணக்காக உழைக்கிறது. முன்னதில் பெட்ரோல் எண்ணெயைச் சுமந்து வரும் நண்பன்; பின்னதில் பெட்ரோல் எண்ணெயைக் கரைக்க வரும் பகைவன்.

எவ்வளவு எண்ணெய் என்று பார்த்தால் அபாயத்தின் அளவு விளங்கும். நூறு சி.சி. மோட்டார் சைக்கிளில் சுமார் ஒரு லிட்டர். தண்ணீர் இறைக்கும் பம்பு செட்டுகளில் மிகுதியும் காணப்படும் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினில் 0.58 லிட்டர், அதில் எண்ணெயைத் தள்ளும் பம்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை, கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி எண்ணெயை அள்ளி வீசுவதொன்றே ஏற்பாடு. தோளில் தொங்கும் 35.8 சி.சி. ஜிஎக்ஸ் 35 எஞ்சினிலோ மொத்தமே 100 மில்லிதான்; ஒரு சிறிய தேநீர்க் கோப்பையளவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது அதில் நூற்றிலொரு பங்கு மட்டும் எரியாமல் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கித் தங்கிவிட்டால், அது 10 மில்லி. அந்தச் சிறு கோப்பையில் பத்திலொரு பங்கு அப்போதே பெட்ரோலாகிவிடுகிறது.

படலத்தின் வலிமை

எண்ணெய் மெலிந்தால் என்ன கேடு என்பதை அறிய, எண்ணெய் எவ்வாறு காக்கிறது என்பதை அறிய வேண்டும். 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சின் பேரிங்கைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் உள்ளிருந்த எண்ணெய் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே வந்தது. மரமுளையால் அடைத்தார், அதுவும் மெல்லமெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது, பேரிங் தாங்கிய சராசரிப் பளுவைக் காட்டிலும் மிகுந்த அழுத்தம் அந்த மெல்லிய எண்ணெய்ப் படலத்துக்குள் இருப்பது பிரத்தியட்சமாயிற்று. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்புப்போலத் தன்னடியில் இழுத்துக்கொண்டு, அந்த எண்ணெயின் மேல் மிதக்கிறது என்ற உண்மையை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் நிறுவினார். இரும்பு இரும்பைத் தொடாமல் சுழல்வதே நல்ல பேரிங்கின் லட்சணம்.

ஆனால் அந்த மிதப்புக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: வேகம் வேண்டும், பளு வரம்புக்குள் இருக்க வேண்டும், எண்ணெய்க்குப் பிசுப்பு வேண்டும். 1902இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் வரைந்த வளைகோடு, இம்மூன்றின் சேர்க்கை ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் உராய்வு எவ்வாறு சட்டென்று ஏறுகிறது என்பதைக் காட்டியது. பிஸ்டன் வளையம் சிலிண்டரின் நடுப்பகுதியில் வேகமாகச் செல்லும்போது சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெயின் மேல் மிதக்கிறது. மேல் எல்லையில் ஒரு கணம் நின்று திரும்பும்போது வேகம் சூனியமாகிறது, மிதப்பும் போய்விடுகிறது. அங்கே சுவரில் ஒட்டி நிற்கும் எண்ணெயின் சன்னமான பூச்சும், எண்ணெயில் கலந்துள்ள துத்தநாகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகளும் மட்டுமே காவல். எந்தச் சிலிண்டரை அளந்தாலும் தேய்மானம் மேல் வளையம் திரும்பும் இடத்திலேயே மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

பெட்ரோல் மிகுந்த கலவை தாக்குவதும் முதலில் அந்த இடத்தைத்தான். ஆவியாகாத பெட்ரோல் துளிகள் சிலிண்டர் சுவரில் மோதி, எண்ணெய் தேய்த்த உடம்பில் சீயக்காய் பட்டதுபோல, அங்கிருந்த பூச்சைக் கழுவிக் கீழே இறக்குகின்றன. வறண்ட சுவரில் வளையம் தேய்கிறது. கழுவி இறங்கிய பெட்ரோல் கிராங்க் பெட்டி எண்ணெயில் கலக்கிறது. பெட்ரோலின் பிசுப்பு தண்ணீரினும் குறைவு. ஆகவே நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தாலும் எண்ணெயின் கனம் கணிசமாக இறங்கிவிடுகிறது. எஸ்.ஏ.இ. 30 என்று பார்த்து வாங்கி ஊற்றிய எண்ணெய் சில நாளில் எஸ்.ஏ.இ. 20இன் குணத்தை அடைகிறது. மெலிந்த எண்ணெய் கிராங்க் பேரிங்கிலும் கேம் முனையிலும் படலத்தைத் தாங்க இயலாமல் பிழியப்பட்டு ஓடுகிறது. மூன்றாவதாக, பிராணவாயு போதாமல் எரிந்த பெட்ரோல் விடும் புகைக்கரி எண்ணெயில் சேர்ந்து, நுண்ணிய அரத்தூள்போல் எங்கும் சுற்றி வருகிறது. மேலும், எண்ணெயில் கலந்திருக்கும் மருந்துகளின் செறிவும் பெட்ரோல் கலக்கக் கலக்கக் குறைந்துவிடுகிறது. இவ்வாறு ஒரே காரணம் நான்கு வழியில் எஞ்சினைத் தின்கிறது.

குறையாத எண்ணெயின் வஞ்சகம்

இந்த வியாதியின் கொடுமை, அது ஆரோக்கியம்போல் வேஷம் போடுவதுதான். எல்லையோரப் பட்டறைகளில் அடிக்கடி நிகழும் சம்பாஷணை இது. பிரஷ் கட்டரைக் கொண்டுவந்து இறக்கியவர், “ஆயில் ஒரு பொட்டு குறையல்ல அண்ணே, புது மிஷின் மாதிரிதான் இருக்கு, வலிதான் போராது” என்கிறார். மெக்கானிக் எஞ்சினைச் சமமாக வைத்து, மூடியைத் திருகி எடுத்து, அதன் நுனியில் தொங்கும் எண்ணெயை விரல்களுக்கிடையில் தடவிவிட்டு, “இதை ஒண்ணு மணத்துப் பாருங்க” என்று நீட்டுகிறார். எண்ணெய் விரலில் நூல் பிடிக்காமல் ஓடுகிறது. மணமோ பெட்ரோல் பங்கின் மணம்.

எண்ணெய் குறையாமலிருந்தது உண்மையல்ல. வளையம் தேயத்தேய எண்ணெய் மேலே ஏறி எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிந்த இடத்தைக் கீழே இறங்கிய பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தது. அளவு மாறவில்லை, வஸ்து மாறிவிட்டது. சில சமயம் அளவு ஏறியுமிருக்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், ஊற்றாமலே எண்ணெய் ஏறியிருப்பதைக் கண்டவர் மகிழலாகாது. அன்றைக்கே காரணத்தைத் தேட வேண்டும்.

இதற்கு ஒரு மாற்றும் இயற்கையிலேயே உண்டு. எண்ணெய் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால், அதில் கலந்த பெட்ரோல் மெல்ல ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே மீண்டும் எரியுமிடத்துக்கே போய்விடும். இரண்டாம் உலக யுத்தத்தில், உறைபனி பெய்யும் நாடுகளின் விமானப்படைகள் இந்தக் குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தின. இரவில் எஞ்சினை நிறுத்துமுன் எண்ணெயில் பெட்ரோலைச் செலுத்தி மெலிவித்து, காலையில் எளிதாக எழுப்பி, சூடேறியபின் அந்தப் பெட்ரோலை ஆவியாக்கி விட்டார்கள். அங்கே அளவும் நேரமும் கணக்கிட்டுச் செய்த காரியம் அது. பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தி, மீண்டும் சோக்கைப் போட்டு எழுப்பி, மறுபடி நிறுத்தும் நம்முடைய வழக்கத்தில் பெட்ரோல் சேர்வதற்கு வழியுண்டு, பிரிவதற்கு அவகாசமில்லை.

பெட்ரோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் பம்பு செட்டுகளில் நிலைமை இன்னும் கடினம். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 150 பாகை சென்டிகிரேடுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். எஞ்சின் சூடேறுமுன்பே அவசரப்பட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், ஆவியாகாத பங்கு முழுவதும் சுவரில் வழிந்து கீழே போகிறது; போனது எளிதில் திரும்பி வராது. இவ்வகைப் பம்புகளில் எண்ணெயை அடிக்கடி மாற்றச் சொல்வது அதனால்தான். பூவாற்றுக் கடற்கரையில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கு இந்தக் கலப்படத் தொல்லை இல்லை, எண்ணெய் எரிபொருளோடே வருவதால். அவற்றுக்குக் கரியும் அடைபட்ட பிளக்கும் ஒட்டிய வளையமுமே தொல்லை.

மிகுதி எங்கிருந்து வருகிறது?

நம் பக்கத்து எஞ்சின்களில் இதற்கு முதற்காரணம் காற்று வடிகட்டி. ஈரப்புல்லை வெட்டும்போது பறக்கும் பச்சைத் தூளும் மண்ணும் அந்தச் சிறு பஞ்சில் படிந்து அடைக்கின்றன. பல கார்புரேட்டர்களில் காற்று நுழையும் வழி அடைபட அடைபட உள்ளே இழுவிசை கூடி, அதே ஜெட் கூடுதலாகப் பெட்ரோலைக் கக்குகிறது. இரண்டாவது, சோக். வருஷம் முழுவதும் வெயிலும் வெக்கையுமாக இருக்கும் நம் நாட்டில் சோக் சில விநாடிகளுக்கே தேவை; சூடான எஞ்சினுக்குத் தேவையே இல்லை. பாதி மூடிய சோக்கோடு காலை முழுதும் காடு வெட்டுபவர், எஞ்சினின் ஆயுளில் ஒரு பகுதியைக் காலையிலேயே செலவிட்டு விடுகிறார்.

மூன்றாவது, கார்புரேட்டருக்குள் நிகழும் தேய்மானம். மிதவையில் சிறு பொத்தல் விழுந்து பெட்ரோல் புகுந்தாலும், ஊசி வால்வின் முனை தேய்ந்தாலும் பெட்ரோலின் மட்டம் உயர்ந்து நின்று வழியும். எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டிய பிரஷ் கட்டரில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதனோடு சேர்ந்த சிறு நெம்புகோல் இம்மியளவு உயர்ந்து பொருந்தினாலும் பெட்ரோல் மிகும். நான்காவது, நம் கையே செய்யும் தவறு. அடைபட்ட ஜெட்டைச் செப்புக் கம்பியோ ஊசியோ விட்டுக் குடைவது பெருவழக்கு. அடைப்பு நீங்கும், கூடவே துளையும் விரியும். விரிந்த துளையை மீண்டும் சுருக்க எந்த மெக்கானிக்காலும் ஆகாது. ஜெட்டைக் காற்று அடித்தே சுத்தம் செய்ய வேண்டும்.

அண்மையில் ஐந்தாவது காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2022 ஜூன் மாதத்தில் நாடெங்கும் பெட்ரோலில் பத்துச் சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு நிறைவேறியது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலப்பு அறிமுகமாகிப் படிப்படியாகப் பரவியது. எத்தனாலில் பிராணவாயு ஏற்கெனவே கலந்திருப்பதால், அது எரியக் குறைந்த காற்றே போதும்; ஆகவே பழைய ஜெட்டில் புதிய பெட்ரோல் சற்று லீனாகவே ஓடும். அதற்கு ஈடாக மெக்கானிக் திருகைச் சிறிது திறந்து விடுவது நியாயம்தான். ஆயினும், கால் சுற்று வேண்டிய இடத்தில் ஒரு சுற்றுத் திறந்து, புகை கருத்த பின்னும் அப்படியே விட்டுவிடுவது நியாயமாகாது. மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மழைக்காலம் முழுதும் டாங்கில் கிடந்த பெட்ரோல் சவ்வையும் ஊசியையும் கெடுக்கும். வேலை முடிந்து பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்து வைப்பதே உத்தமம்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் கார்புரேட்டர் மறைந்து, புகையிலுள்ள பிராணவாயுவை அளந்து பெட்ரோலைத் தானே திருத்திக்கொள்ளும் ஊசிப்பீய்ச்சி முறை வந்துவிட்டது. தோட்டத்திலும் வயலிலும் உழைக்கும் சிறு எஞ்சின்களுக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் இன்னும் கிட்டவில்லை. அவற்றுக்கு அளவு கருவி, அவற்றை வைத்திருப்பவருடைய கண்ணும் மூக்குமே.

வைத்திருப்போர் செய்யத்தக்கவை

முதலில், உங்கள் எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக்கா, நான்கு ஸ்ட்ரோக்கா என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய்க்குத் தனி மூடியிருந்தால் நான்கு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெய் கலக்கச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். இரண்டு ஸ்ட்ரோக்கில் குறித்த எண்ணெயைக் குறித்த அளவில் கலந்து, பெட்ரோல் இழையளவு கூடுதலாக ஓடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் அந்தப் பொறுமை கூடாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறமாயிருந்தால் கலவை சரி; வறண்ட கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி; வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு; எண்ணெய் கசிந்து பளபளத்தால் வளையம் தேய்ந்ததன் அடையாளம். புகையையும் பாருங்கள்: கறுப்புப் புகை பெட்ரோலைச் சொல்லும், நீலப் புகை எண்ணெயைச் சொல்லும். காற்று வடிகட்டியைக் காடு வெட்டும் காலத்தில் தினந்தோறும் தட்டித் துடைத்து, அழுக்கேறியதும் கழுவி உலர்த்திப் போடுங்கள். நூறு மில்லி எண்ணெயுள்ள ஜிஎக்ஸ் 35 போன்ற சிறு எஞ்சினுக்கு முதல் பத்து மணி நேரத்திலும், பிறகு ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நூறு மில்லியின் விலை, ஒரு வளையத்தின் விலைக்குக்கூட ஈடாகாது. எண்ணெயில் பெட்ரோல் மணம் வந்தால், காரணத்தை நீக்கிய பிறகே புதிய எண்ணெய் ஊற்றுங்கள். காரணத்தை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் மாற்றினால் புதியதும் ஒரு வாரத்தில் பழையதாகிவிடும்.

காடு வெட்டும் கூலியாளுக்கும் பம்பை நம்பிய குடியானவருக்கும் ஓர் எஞ்சின் என்பது பல மாத உழைப்பின் சேமிப்பு. அது பத்து ஆண்டு உழைக்க வேண்டியது மூன்று ஆண்டில் ஓய்வதற்கு, தேய்ந்த இரும்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டறைக்காரர்கள் வாடிக்கையாளருக்குப் பழைய வாக்கைத் திருத்திச் சொல்ல வேண்டும்: காய்ந்து ஓடக் கூடாது என்பது உண்மை, நனைந்தும் ஓடக் கூடாது. அடுத்த முறை எஞ்சினை எழுப்புமுன், எண்ணெய் மூடியைத் திறந்து ஒருமுறை மணத்துப் பாருங்கள். பெட்ரோல் மணம் இருக்குமானால், அன்றைக்கு வேலையை நிறுத்தி எஞ்சினைப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதே லாபம்.